மூன்று விளையாட்டுகள் சொன்ன பொய், ஒரு விளையாட்டு சொன்ன உண்மை

ஆண்டு இறுதி விடுமுறைக்கு என் அக்காள் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். படிவம் நான்கு மாணவன். வந்த அன்றே, தான் அண்மையில் விளையாடிய வீடியோ கேம்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான். ஒன்று “செம கேம்”. இன்னொன்று “ரொம்ப கஷ்டம்”. மூன்றாவது “ஏமாத்துது மாமா”.

“ஏன் செம? எங்கே ஏமாத்துது?” என்று கேட்டேன்.

“விளையாடிப் பார்த்தாத்தான் தெரியும் மாமா” என்றான்.

சரி என்று நானும் உட்கார்ந்தேன். மூன்று வாரங்களில் இருவரும் நான்கு விளையாட்டுகளை விளையாடினோம். ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டோம். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது; அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் அளந்தோ கணக்குப் போட்டோ சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மாணவர்களே, அப்படிச் சரிபார்த்தபோது ஒன்று தெரிந்தது. நாங்கள் மிகவும் விரும்பிய மூன்று விளையாட்டுகளும் எங்களிடம் பொய் சொல்லியிருந்தன. உண்மையை எழுதி வைத்திருந்த நான்காவது விளையாட்டுதான் பையனின் பணத்தை வாங்கிக்கொண்டது. எப்படி என்று பார்ப்போம்.

1. செலஸ்ட்: உச்சியில் குறையும் ஈர்ப்பு

மேடி தோர்சன், நோயல் பெரி ஆகியோர் தலைமையில் உருவாகி 2018-இல் வெளிவந்த விளையாட்டு இது. மேடலின் என்ற பெண் ஒரு மலையின் உச்சியை நோக்கி ஏறுகிறாள். ஓடுவது, குதிப்பது, பாறையைப் பற்றிக்கொள்வது, காற்றில் பாய்வது ஆகியவைதாம் அவளால் முடிந்தவை. ஒரே இடத்தில் நூறு முறை விழுந்து எழ வேண்டியிருக்கும். ஆனாலும் கோபம் விளையாட்டின் மீது வருவதில்லை. “தப்பு என்னுடையது” என்றுதான் தோன்றும்.

“குதிக்கிறது அவ்வளவு சரியா இருக்கு மாமா. நிஜம் மாதிரியே இருக்கு” என்றான் பையன். இந்தக் கருத்தைத்தான் முதலில் சோதித்தோம்.

ஒரு பந்தை நேராக மேலே எறிந்து, கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளியாகப் பதிவு செய்தோம். உச்சியை அடைந்த பந்து 0.1 வினாடியில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இறங்கும். 0.2 வினாடியில் 20 சென்டிமீட்டர், 0.3 வினாடியில் 44 சென்டிமீட்டர். இந்தத் தொலைவுகள் 1, 4, 9 என்ற விகிதத்தில் வளர்கின்றன. நேரம் இரண்டு மடங்கானால் தொலைவு நான்கு மடங்காகும். முடுக்கம் மாறாமல் இருப்பதற்கு இதுவே அடையாளம்.

இங்கே பல மாணவர்கள் ஒரு தவறு செய்வார்கள். உச்சியில் பந்தின் வேகம் சுழியம் என்பதால் முடுக்கமும் சுழியம் என்று எழுதிவிடுவார்கள். அப்படியல்ல. உச்சியிலும் புவியீர்ப்பு முடுக்கம் வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர்தான். உச்சியில் முடுக்கம் இல்லாமல் போனால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

மேடலின் குதிப்பதையும் திரையிலிருந்து அதே போலப் பதிவு செய்தோம். குதிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தால், அவள் உச்சியில் சற்றே மிதக்கிறாள். பிறகு சட்டென்று இறங்குகிறாள். 1, 4, 9 என்ற ஒழுங்கு அங்கே இல்லை. காரணம் எளிது. பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்போது, உச்சியை ஒட்டிய நேரத்தில் ஈர்ப்பைப் பாதியாகக் குறைக்கும்படி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. எங்கே இறங்குவது என்று பார்த்துத் திருத்திக்கொள்ள நமக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

இன்னொரு பொய்யும் உண்டு. பாறையின் விளிம்பைத் தாண்டி வெறுங்காற்றில் கால் வைத்த பிறகும், 0.1 வினாடி வரை மேடலினால் குதிக்க முடியும். விளையாட்டு உருவாக்குவோர் இதைக் ‘கயோட்டி நேரம்’ என்கிறார்கள். கேலிச்சித்திரத்தில் மலை விளிம்பைத் தாண்டி ஓடி, கீழே பார்க்கும் வரை விழாமல் நிற்கும் ஓநாய் போன்ற அந்த விலங்கின் பெயர்தான் அது.

0.1 வினாடி ஏன் தேவை? கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவு செய்து, விரல் அசைய ஏறத்தாழ 0.2 முதல் 0.25 வினாடி ஆகும். விளிம்பு வருவதை நாம் முன்கூட்டியே கணித்து அழுத்துகிறோம். அந்தக் கணிப்பு சற்றுப் பிசகும். அந்தப் பிசகை விளையாட்டு மன்னித்துவிடுகிறது. உண்மை உலகில் 0.1 வினாடியில் 5 சென்டிமீட்டர்தான் விழுவோம் என்று மேலே பார்த்தோம். அவ்வளவு சிறிய பொய் என்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை.

பையனின் கருத்தைத் திருத்தி எழுதினோம்: “இந்த விளையாட்டு நிஜம் போல இல்லை. என் எண்ணம் போல இருக்கிறது. அதனால் பிடித்திருக்கிறது.” மேடலினின் அசைவுக்கான நிரலை உருவாக்கியவர்களே பொதுவில் வெளியிட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பொய் சொன்னாலும் ஒளிக்கவில்லை.

2. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்: இருக்கவே முடியாத கோள்

இது என் தேர்வு. மெக்சிகோ நகரத்து நிறுவனம் ஒன்று உருவாக்கியது; 2011-இல் முதன்முதலில் மக்கள் கைக்கு வந்தது, 2015-இல் முழுப் பதிப்பானது. பச்சை நிறத்துச் சின்ன மனிதர்களுக்கு நாம் ராக்கெட் கட்டித் தர வேண்டும். பெரும்பாலும் வெடிக்கும்.

பல நாள் முயன்று ஒரு விண்கலத்தைச் சுற்றுப்பாதையில் விட்டேன். அதற்கு முன்னால் அதே பாதையில் இன்னொரு கலம் சில கிலோமீட்டர் தொலைவில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க வேண்டும். என்ன செய்வீர்கள்? நானும் அதையேதான் செய்தேன்: அதை நோக்கித் திருப்பி இயந்திரத்தை முடுக்கினேன். சிறிது நேரத்தில் என் கலம் இன்னும் பின்தங்கிப் போனது.

“மாமா, இதுக்கும் சேர்த்து ‘ஏமாத்துது’ன்னு எழுதிக்கவா?” என்று சிரித்தான் பையன்.

இந்த இடத்தில் விளையாட்டு ஏமாற்றவில்லை. வேகத்தைக் கூட்டினால் சுற்றுப்பாதையின் மறுபக்கம் உயர்ந்துவிடுகிறது. பாதை பெரிதாகிறது, ஒரு சுற்று முடிக்க அதிக நேரம் ஆகிறது, ஆகவே பின்தங்குகிறோம். முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போது கீழே இறங்கிச் சிறிய பாதையில் போவோம். ஒரு சுற்று சீக்கிரம் முடியும். மிக அருகில் வந்த பிறகு நேராகவே நகரலாம். தொலைவில் இருக்கும்போது இந்தத் தலைகீழ் விதிதான்.

1965 ஜூன் மாதம் ஜெமினி 4 விண்கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கும் இதே அனுபவம் ஏற்பட்டது. தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் கழன்றுபோன பகுதியை நெருங்க, அவர் அதை நோக்கியே கலத்தைச் செலுத்திப் பார்த்தார். நெருங்க முடியவில்லை, எரிபொருள்தான் செலவானது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6ஏ, ஜெமினி 7 ஆகிய இரு கலங்களும் சரியான கணக்கோடு நெருங்கி, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் இடைவெளிக்கு வந்தன.

அப்படியென்றால் இந்த விளையாட்டின் பொய் எங்கே? கோளில் இருக்கிறது. பச்சை மனிதர்கள் வாழும் கெர்பின் என்ற கோளின் ஆரம் 600 கிலோமீட்டர். நம் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆனால் இரண்டிலும் தரைமட்டத்து ஈர்ப்பு ஒன்றே. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆரம் கொண்ட கோளில் அதே ஈர்ப்பு இருக்க வேண்டுமானால், அதன் அடர்த்தி பூமியைப் போல் 10 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 கிராம் வருகிறது. பூமியின் சராசரி அடர்த்தி 5.5 கிராம். இயற்கையில் கிடைக்கும் மிக அடர்த்தியான தனிமமான ஆஸ்மியத்துக்கே 22.6 கிராம்தான். கெர்பின் போன்ற கோளைக் கட்ட நாம் அறிந்த எந்தத் தனிமமும் போதாது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? சிறிய கோளைச் சுற்றிவரக் குறைந்த வேகம் போதும். கெர்பினில் 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற வினாடிக்கு ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர் வேகம் தேவை. ஒரு சுற்றுக்கு 33 நிமிடம் ஆகும். பூமியை ஒட்டிச் சுற்ற வினாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகமும் 90 நிமிடமும் வேண்டும். இரவு உணவுக்கு முன் ஒரு பயணத்தை முடிக்க வேண்டிய மாணவனுக்காகக் கோளைச் சுருக்கியிருக்கிறார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. எந்த நேரத்திலும் ஒரே ஒரு வான்பொருள்தான் கலத்தை ஈர்ப்பதாக விளையாட்டு கணக்கிடுகிறது. பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சூரியனும் பூமியும் சேர்ந்து ஈர்ப்பதால் அமையும் ஓரிடத்தைச் சுற்றி வருகிறது. இந்த விளையாட்டில் அப்படி ஓரிடமே கிடையாது.

என் கருத்து: கோள் பொய், பாதை உண்மை. கற்றுக்கொள்ள வேண்டியது பாதையைத்தான் என்பதால், இது நல்ல பேரம்.

3. டெட்ரிஸ்: சரிசெய்யப்பட்ட அதிர்ஷ்டம்

“ஏமாத்துது” என்று பையன் சொன்னது இதைத்தான். 1984-இல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது டெட்ரிஸ். நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். வரிசையை நிரப்பினால் அது மறையும். நான்கு வரிசைகளை ஒரே நேரத்தில் அழிக்க நீளத்துண்டு வேண்டும்.

“வேணும்னு காத்திருந்தா அது வரவே வராது மாமா.”

துண்டுகள் வரும் வரிசையைத் தாளில் குறித்துக்கொண்டே விளையாடினோம். பிறகு அந்தப் பட்டியலைத் தொடக்கத்திலிருந்து ஏழு ஏழாகப் பிரித்தோம். ஒவ்வொரு ஏழிலும் ஏழு வகையும் ஒவ்வொரு முறை இருந்தன! இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகின்றன. ஒரு பையில் ஏழு துண்டுகளைப் போட்டு, குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, தீர்ந்ததும் மீண்டும் ஏழைப் போடுவது போன்ற முறை.

இந்த முறையில், ஒரு பையில் நீளத்துண்டு முதலாவதாகவும் அடுத்த பையில் கடைசியாகவும் வந்தால் கூட, இடையில் 12 துண்டுகள்தான் இருக்கும். அதற்கு மேல் காத்திருக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக, முழுக்கத் தற்செயலாக வந்தால்? ஒரு முறை நீளத்துண்டு வராமல் போகும் நிகழ்தகவு ஏழில் ஆறு. தொடர்ந்து 13 முறை வராமல் போக, ஏழில் ஆறு என்ற பின்னத்தைப் பதின்மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.13. அதாவது 13 துண்டுகள் வரும் நூறு தடவைகளில் 13 தடவை நீளத்துண்டு தலைகாட்டாது.

பையன் “ஏமாத்துது” என்று சொன்ன விளையாட்டு உண்மையில் அவனுக்குச் சாதகமாக அதிர்ஷ்டத்தைச் சரிசெய்து கொடுத்திருக்கிறது. உண்மையான தற்செயல் நம் மனத்துக்கு நியாயமாகத் தோன்றுவதில்லை. சீராகப் பங்கிட்டுத் தருவதையே நாம் ‘தற்செயல்’ என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நினைப்பு டெட்ரிஸில் யாருக்கும் தீங்கு செய்யாது. நான்காவது விளையாட்டில் செய்தது.

4. மர்மப் பெட்டி: எழுதியிருந்த உண்மை

இதன் பெயர் வேண்டாம். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் இப்படிப்பட்ட விளையாட்டுகள் ஏராளம். படங்கள் அழகு, இசையும் நன்று. வலிமையான வீரர்கள் வேண்டுமென்றால் மர்மப் பெட்டிகளைத் திறக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு 2 ரிங்கிட். பையன் விரும்பிய வீரன் கிடைக்கும் வாய்ப்பு 1 விழுக்காடு. அதை விளக்கப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தீபாவளிக்குக் கிடைத்த 200 ரிங்கிட்டில் 120 ரிங்கிட் போய்விட்டது என்று ஒரு மாலையில்தான் சொன்னான். பூப்பந்து மட்டை வாங்க வைத்திருந்த பணம் அது.

“ஒரு விழுக்காடுன்னா நூறு பெட்டிக்கு ஒண்ணு கண்டிப்பா வரும் மாமா. அறுபது திறந்தாச்சு. இன்னும் நாற்பதுதான். மிச்சம் எண்பது ரிங்கிட் இருக்கு, சரியா இருக்கும்.”

நான் திட்டவில்லை. கணிப்பானைக் கையில் கொடுத்தேன்.

ஒரு பெட்டியில் வீரன் வராமல் போகும் நிகழ்தகவு 0.99. இரண்டு பெட்டிகளிலும் வராமல் போக 0.99-ஐ 0.99-ஆல் பெருக்க வேண்டும், 0.9801. நூறு பெட்டிகளிலும் வராமல் போக நூறு முறை பெருக்க வேண்டும். அவனே அழுத்திப் பார்த்தான். 0.366. நூறு பேர் ஆளுக்கு நூறு பெட்டி திறந்தால், ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். வாய்ப்பு 95 விழுக்காட்டைத் தாண்ட 299 பெட்டி திறக்க வேண்டும். அதற்கு 598 ரிங்கிட் வேண்டும்.

“ஆனா நான் அறுபது திறந்துட்டேனே?”

கேள்வி நியாயமானதுதான். ஆனால் 61-ஆவது பெட்டிக்கு முந்தைய அறுபது பெட்டிகளைத் தெரியாது. இவை சார்பற்ற நிகழ்ச்சிகள். டெட்ரிஸ் பையில் ஆறு துண்டுகள் போய்விட்டால் ஏழாவது எது என்று உறுதியாகச் சொல்லலாம். பை அவற்றை நினைவில் வைத்திருக்கிறது. மர்மப் பெட்டியில் எதுவும் குறைவதில்லை, எதுவும் நினைவில் இருப்பதில்லை. மிச்சமிருக்கும் நாற்பது பெட்டிகளிலும் வீரன் வராமல் போகும் நிகழ்தகவு 0.67. அதாவது அந்த 80 ரிங்கிட்டும் வீணாகும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு.

சில விளையாட்டுகள் “இத்தனை பெட்டிக்குள் கட்டாயம் கிடைக்கும்” என்று ஒரு விதி வைத்திருக்கும். அங்கே கணக்கு மாறும். அப்போதும் அந்த எண்ணை விலையால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பையனின் விளையாட்டில் அந்த விதி இல்லை.

வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் கட்டாயமாக்கியது. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் முடிவு செய்தது. ஆனால் விகிதத்தை வெளியிட்டால் மட்டும் போதாது என்பதைப் பையன் எனக்குக் காட்டிவிட்டான். 1 விழுக்காடு என்பதை அவன் படித்திருந்தான். அதன் பொருளைத்தான் தவறாக எடுத்துக்கொண்டான்.

அந்த 80 ரிங்கிட் அன்று செலவாகவில்லை. 120 ரிங்கிட் திரும்பி வரவும் இல்லை.

எங்கள் தீர்ப்பு

விடுமுறை முடியும் நாளில் இருவரும் தனித்தனியாக வரிசைப்படுத்தினோம். அவனுக்குச் செலஸ்ட் முதலிடம், எனக்குக் கெர்பல். டெட்ரிஸ் இருவருக்கும் இரண்டாமிடம். கடைசி இடத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

எல்லா விளையாட்டும் யாரோ எழுதிய விதிகளால் ஆனது. அந்த விதிகள் இயற்கையை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. செலஸ்ட் ஈர்ப்பை வளைத்தது நம் விரலுக்கு உதவ. கெர்பல் கோளைச் சுருக்கியது நம் நேரத்தைக் காக்க. டெட்ரிஸ் தற்செயலைத் திருத்தியது நம் பொறுமையைக் காக்க. மர்மப் பெட்டி எதையும் வளைக்கவில்லை. நிகழ்தகவைப் பற்றி நம் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வளைவை அப்படியே பயன்படுத்திக்கொண்டது.

ஆகவே அடுத்த முறை நண்பரிடம் “செம கேம்” என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த விளையாட்டு எந்த விதியை வளைக்கிறது? அதை என்னால் கண்டுபிடிக்க முடிகிறதா? அந்த வளைவால் யாருக்கு நன்மை?

செய்து பாருங்கள்

1. வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பகடையை ஆறு முறை உருட்டுங்கள். ஒரு முறை கூட 6 விழாதவர்கள் எத்தனை பேர்? (30 பேர் இருந்தால் 10 பேர் அளவில் எதிர்பார்க்கலாம்.)

2. 6 விழாதவர்கள் மட்டும் ஏழாவது முறை உருட்டுங்கள். அவர்களுக்கு இப்போது 6 விழும் வாய்ப்பு கூடியிருக்கிறதா? பல வகுப்புகளின் முடிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

3. ஏழு தாள்துண்டுகளில் 1 முதல் 7 வரை எழுதி ஒரு பையில் போடுங்கள். எடுத்ததைத் திரும்பப் போடாமல் ஒரு முறையும், ஒவ்வொரு தடவையும் திரும்பப் போட்டு ஒரு முறையும் ஏழு ஏழு தாள்கள் எடுங்கள். எந்த முறை டெட்ரிஸ்? எந்த முறை மர்மப் பெட்டி?

சிந்திக்க

1. நிலவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அங்கே 0.1 வினாடியில் ஒரு பொருள் எவ்வளவு தொலைவு விழும்?

2. வாய்ப்பு 2 விழுக்காடாக இருந்தால், 50 பெட்டிகள் திறந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகும் நிகழ்தகவு என்ன? 1 விழுக்காடு, 100 பெட்டி என்ற கணக்கின் விடையோடு ஒப்பிடுங்கள்.

சொற்பொருள்

முடுக்கம்: குறிப்பிட்ட நேரத்தில் திசைவேகம் மாறும் அளவு.

அடர்த்தி: ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது.

சுற்றுப்பாதை: ஈர்ப்பால் ஒரு பொருள் மற்றொன்றைச் சுற்றிவரும் பாதை.

நிகழ்தகவு: ஒன்று நடப்பதற்குள்ள வாய்ப்பை 0 முதல் 1 வரையுள்ள எண்ணால் சொல்வது.

சார்பற்ற நிகழ்ச்சிகள்: ஒன்றின் முடிவு மற்றொன்றின் வாய்ப்பை மாற்றாத நிகழ்ச்சிகள்.